கல்லீரல் வழி அடைத்தால் ரத்தம் எந்தப் பக்கம் திரும்பும்? ஸ்கேனில் தெரியும் மாற்றுப்பாதைகள்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "போர்ட்டல் வெயின் 15 மில்லிமீட்டர். மண்ணீரல் 16 சென்டிமீட்டர். இரைப்பையைச் சுற்றியும் மண்ணீரல் அருகிலும் கொலாட்டரல்கள்." இவ்வளவுதான் இருக்கும். கடைசியில், போர்ட்டல் ஹைப்பர்டென்ஷனுக்கான அடையாளங்கள் என்று ஒரு வரி. ஹைப்பர்டென்ஷன் என்றதும் கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிபிதான் நினைவுக்கு வரும், எனக்குத்தான் பிபி சரியாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். அந்த பிபி வேறு, இது வேறு. கையில் 110 இருக்கிறவருக்கும் வயிற்றுக்குள் இந்த அழுத்தம் எகிறிக் கிடக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும். சாதாரண ஸ்கேன் எதுவும் இந்த அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. அழுத்தம் தாங்காமல் ரத்தம் எந்தெந்தப் பக்கம் திரும்பிப் போயிருக்கிறது என்பதைத்தான் படம் காட்டும். அந்தத் தடங்களைப் பார்த்து டாக்டர் அழுத்தத்தை ஊகிக்கிறார்.

சரி, எந்தக் குழாய் இது?

உடம்பின் பெரும்பாலான சிரைகள் ரத்தத்தை நேராக இதயத்துக்குக் கொண்டுபோகும். குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் இவற்றிலிருந்து வரும் ரத்தத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அது முதலில் கல்லீரலுக்குள் போய், நுண்ணிய சந்துகளில் ஊறி, குடல் உறிஞ்சிய சத்து, மருந்து, கழிவு எல்லாம் அங்கே கணக்குப் பார்க்கப்பட்ட பிறகுதான் இதயத்துக்குப் போகலாம். அதைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் பெரிய குழாய்தான் போர்ட்டல் வெயின். நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் மண்ணீரல் சிரையும் குடலிலிருந்து வரும் பெரிய சிரையும் சேருகிற இடத்தில் அது தொடங்குகிறது. கல்லீரலுக்கு ரத்தம் கொடுப்பது தமனிதான் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிரை வழியாகத்தான் வருகிறது, தமனியின் பங்கு கால்தான்.

இந்தக் குழாயில் அழுத்தம் இயல்பாகவே ரொம்பக் குறைவு. போர்ட்டல் பக்கத்துக்கும் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைக்கும் இடையிலான வித்தியாசம் 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம் வரைதான் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன். 10-ஐத் தொட்டால் உடலில் விளைவுகள் தொடங்கும் கட்டம். 12 ஆகிவிட்டால் வீங்கிய சிரைகள் வெடித்து ரத்தம் கசிகிற அபாயம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். 120, 80 என்று பேசிப் பழகிய நமக்கு 12 ஒரு எண்ணாகவே தோன்றாது, ஆனால் மெல்லிய சுவர் கொண்ட ஒரு சிரைக்கு அது பெரிய பாரம்.

அழுத்தம் ஏறுவதற்கு மிகவும் பொதுவான காரணம் சிரோசிஸ். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், கொழுப்புக் கல்லீரல் இப்படி எதனாலோ பல வருடங்கள் அடிபட்டுக் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது. உள்ளே சந்துகள் குறுகிவிடுவதால் வந்த ரத்தம் முன்னே போக முடியாமல் தேங்கும். ஆனால் கல்லீரல் நன்றாகவே இருந்தும் இதே பிரச்சினை வரலாம். போர்ட்டல் வெயினிலேயே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், அது கல்லீரலுக்கு முன்னால் உள்ள அடைப்பு. கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் அடைபட்டிருந்தால் அது பட்-கியாரி என்கிற நோய், கல்லீரலுக்குப் பின்னால் உள்ள அடைப்பு. இதயத்தைச் சுற்றிய உறை இறுகிப்போனாலும் பின்னால் தேங்கும். அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்து மாற்றுப்பாதைகளின் வரைபடமே மாறும், அதனால்தான் ஸ்கேன் பார்ப்பவர் கல்லீரலோடு நிறுத்தாமல் மேலும் கீழும் தேடுகிறார்.

ரத்தம் எப்படித் திரும்பிப் போகிறது?

கால் சிரைகளுக்குள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. பெரியவர்களின் போர்ட்டல் குழாய்களில் வேலை செய்கிற வால்வுகள் கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் குறைவோ அந்தப் பக்கம் ரத்தம் போகும், அவ்வளவுதான் சட்டம். மடையை அடைத்துவிட்டால் வாய்க்கால் தண்ணீர் சும்மா நிற்குமா? வரப்பில் ஒரு எலி வளை இருந்தால்கூடக் கண்டுபிடித்து அது வழியே ஒழுகும், ஒழுக ஒழுக வளை பெரிதாகும். உடலிலும் அதேதான். போர்ட்டல் குழாய்களுக்கும் நேராக இதயத்துக்குப் போகும் சிரைகளுக்கும் இடையே சில இடங்களில் மயிரிழை போன்ற இணைப்புகள் எல்லோருக்கும் உண்டு, இயல்பாக அவற்றில் ஓட்டமே இருக்காது என்று சொல்லலாம். அழுத்தம் ஏறினால் அவை திறந்து, பருத்து, நெளிந்து, வளைந்து புழுக்கூட்டம் மாதிரி ஆகிவிடும். இவற்றைத்தான் ரிப்போர்ட் கொலாட்டரல்கள் என்கிறது. உணவுக்குழாய், இரைப்பை போன்ற இடங்களில் சுவருக்குள் வீங்கி நிற்பவற்றுக்கு வேரிசஸ் என்று பெயர்.

இங்கே எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். மாற்றுப்பாதை திறந்துவிட்டால் அழுத்தம் குறைந்துவிட வேண்டுமே? குறைவதில்லை என்பதுதான் இந்த நோயின் குசும்பு. குடல் பக்கத் தமனிகள் விரிந்துகொள்வதால் முன்பைவிட அதிக ரத்தம் உள்ளே வந்து சேருகிறது. வடிகாலும் பெரிதாகிறது, வரத்தும் பெரிதாகிறது, தேக்கம் அப்படியே நிற்கிறது.

மாற்றுப்பாதைகளில் முக்கியமானது இரைப்பையின் உள்வளைவை ஒட்டி மேலே ஏறி உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிக்குப் போகிற பாதை. அங்கிருந்து மார்புக்குள் இருக்கும் அசைகஸ் சிரை வழியாக இதயத்துக்கு. ஆபத்தும் இதில்தான் அதிகம், ஏனென்றால் உணவுக்குழாயின் கீழ்முனையில் இந்தச் சிரைகள் உள்சவ்வுக்கு நேர் கீழே, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் இருக்கின்றன. பலூன் பெரிதாகும்போது சுவர் மெலிகிறதல்லவா, சிரையும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் அதேதான் என்றாலும் விட்டம் கூடக் கூட, சுவர் மெலிய மெலிய, சுவர் தாங்க வேண்டிய இழுவிசை ஏறிக்கொண்டே போகும். ஆக, ஒரே அழுத்தம் இருக்கிற இரண்டு பேரில் பெரிய, மெல்லிய சிரை உள்ளவருக்குத்தான் அது முதலில் கிழியும்.

இரண்டாவது பாதை கீழே இறங்குகிறது. இரைப்பையின் மேல் கூரையிலிருந்தோ மண்ணீரல் அருகிலிருந்தோ கிளம்பி, வயிற்றின் பின்சுவரில் நெளிந்து போய் இடது சிறுநீரகச் சிரையில் விழும். ஸ்கேன் படத்தில் பார்க்க பிரமிப்பாக இருக்கும், சில சமயம் விரல் பருமனுக்கு ஒரு சிரை, எங்கெங்கோ சுற்றிவிட்டு சிறுநீரகத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். உணவுக்குழாய்ச் சிரை போல இது எளிதில் வெடிப்பதில்லை. ஆனால் கல்லீரலைத் தொடாமலேயே குடல் ரத்தம் பொது ஓட்டத்தில் கலந்துவிடுவதால் அம்மோனியா போன்ற பொருட்கள் நேராக மூளைக்குப் போகும். கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் பெரிதாக மோசமில்லை, மலச்சிக்கலோ தொற்றோ இல்லை, ஆனாலும் ஒருவர் திரும்பத் திரும்பக் குழம்புகிறார், பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார் என்றால், இப்படி ஒரு பெரிய குறுக்குப்பாதை ஒளிந்திருக்கிறதா என்று சிடி எடுத்துப் பார்ப்பது உண்டு.

மூன்றாவது தொப்புள் பாதை. கருவில் இருக்கும்போது தொப்புள் கொடி வழியாகக் கல்லீரலுக்கு ரத்தம் வந்த தடத்தின் பக்கத்திலேயே சில மெல்லிய சிரைகள் இருக்கின்றன. அவை மறுபடி திறந்து ரத்தத்தைக் கல்லீரலின் இடப்பக்கத்திலிருந்து தொப்புளுக்குக் கொண்டுவரும், அங்கிருந்து வயிற்றுத் தோலுக்கடியில் நாலாபக்கமும் பரவும். கிரேக்கக் கதைகளில் முடிக்குப் பதிலாகப் பாம்புகள் முளைத்த மெடூசா என்பவளின் தலையைப் போல இருப்பதால் கேபட் மெடூசே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல வெளியே பளிச்சென்று தெரிவது அபூர்வம், ஆனால் ஸ்கேனில் அந்தச் சிரை திறந்திருப்பது அடிக்கடி தெரியும். மலக்குடலைச் சுற்றி, பித்தப்பைச் சுவரில், சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில், ஆபரேஷனில் வயிற்றுச் சுவரில் வைத்த குடல்வாயைச் சுற்றி என்று இன்னும் பல இடங்கள் உண்டு, அவை அவ்வளவாக வருவதில்லை.

போர்ட்டல் வெயினே அடைபட்டவர்களுக்கு வேறு காட்சி. அடைத்த குழாயைச் சுற்றி நூல் நூலாகச் சிரைகள் வளர்ந்து, குழாய் இருந்த இடத்தில் ஒரு கடற்பஞ்சு வைத்தது போல ஆகிவிடும். கேவர்னோமா என்பார்கள். இந்தச் சிரைக்கூட்டம் பக்கத்தில் போகிற பித்தக்குழாயை நெருக்கி மஞ்சள் காமாலை வரவைப்பதும் உண்டு. கணைய அழற்சிக்குப் பிறகு மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டால், போர்ட்டல் வெயினில் அழுத்தம் சரியாக இருக்கும், ஆனால் இரைப்பையின் மேல்பகுதியில் மட்டும் சிரைகள் வீங்கும். கல்லீரல் ஆரோக்கியமாக இருக்கிற ஒருவருக்கு இரைப்பையில் மட்டும் வேரிசஸ் என்றால் அனுபவமுள்ள கண் உடனே மண்ணீரல் சிரையைத்தான் தேடும்.

முதல் கருவி: டாப்ளர்

அல்ட்ராசவுண்டில்தான் எல்லோருக்கும் ஆரம்பம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, படுக்கைக்கே மெஷினைக் கொண்டுவந்து பார்க்கலாம். சாதாரண கறுப்பு வெள்ளைப் படத்தில் கல்லீரலின் மேடுபள்ளமான ஓரம், மண்ணீரலின் அளவு, வயிற்றில் நீர், போர்ட்டல் வெயினின் அகலம் எல்லாம் தெரியும். மண்ணீரல் ஏன் வீங்குகிறது? அதன் ரத்தமும் இதே போர்ட்டல் குழாயில்தான் வடிய வேண்டும், வடிகால் தேங்கினால் அது ஊறிப்போய்ப் பெரிதாகிறது. பெரிதான மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்து தெரியும். கல்லீரல் பிரச்சினையே வெளியே தெரியாமல், பிளேட்லெட் ஏன் குறைந்தது என்று தேடப் போய் இது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர்.

அதே மெஷினில் டாப்ளரைப் போட்டால் ஓட்டம் தெரியும். நெருங்கி வரும் ஒலியின் சுருதி ஏறும், விலகிப் போகும் ஒலியின் சுருதி இறங்கும் என்பது 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விஷயம், அவர் நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க அதைச் சொன்னார். இங்கே ஓடுகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலை அந்த வேலையைச் செய்கிறது. வழக்கமான அமைப்பில், வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கருவியான புரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், வண்ணம் திசையை மட்டும்தான் சொல்லும். திரையின் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையில் எது மேலே இருக்கிறது என்று பார்க்காமல் அந்த நிறத்துக்கு அர்த்தமே இல்லை.

போர்ட்டல் ரத்தம் கல்லீரலை நோக்கிப் போனால் அது ஹெப்பட்டோபெட்டல், இதுதான் இயல்பு. கல்லீரலை விட்டு வெளியே திரும்பி ஓடினால் ஹெப்பட்டோஃப்யூகல். இந்த இரண்டாவது சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் அழுத்தம் கணிசமாக ஏறியிருக்கிறது என்பதில் அதிகம் சந்தேகமில்லை. நடுவில் ஒரு கட்டமும் உண்டு, ரத்தம் எந்தப் பக்கமும் போகாமல் முன்னும் பின்னுமாக ஊசலாடும். ஓட்டத்தின் வேகமும் பார்ப்பார்கள், நொடிக்குச் சுமார் 16 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மந்தம். வேகம் ரொம்பக் குறைந்துவிட்டால் டாப்ளரில் ஓட்டமே தெரியாமல், ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதோ என்று ஏமாற்றும். அப்போது மெஷின் அமைப்பை மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது சிடி எடுக்கச் சொல்வார்கள்.

அகலத்துக்கு வருவோம். 13 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் போர்ட்டல் வெயின் பெருத்திருக்கிறது என்பது பொது வழக்கு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடித் தேடிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் அது விரியும், சாப்பிட்ட பிறகு விரியும், ஆளுக்கு ஆள் மாறும். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: அகலம் சாதாரணமாக இருப்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது. மாற்றுப்பாதைகள் நன்றாகத் திறந்து ரத்தத்தை வழியிலேயே இழுத்துக்கொண்டால் போர்ட்டல் வெயின் சுருங்கிக்கூடப் போகும். தொப்புள் பாதை பெரிதாகத் திறந்தவர்களுக்கோ போர்ட்டல் வெயினில் ஓட்டம் சரியான திசையில், நல்ல வேகத்தில் இருக்கும், ஆனால் அந்த ரத்தம் கல்லீரலின் வாசல் வரை வந்துவிட்டு இடப்பக்கமாக நழுவித் தொப்புளுக்குப் போய்விடுகிறது. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். திறந்த மாற்றுப்பாதை ஒன்றைக் கண்ணால் பார்ப்பது அகலத்தை அளப்பதைவிடப் பலமான சாட்சி.

டாப்ளரின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடலில் காற்று இருந்தால் பின்னால் எதுவும் தெரியாது, உடல் பருமன் இருந்தால் மங்கலாகும், பார்ப்பவரின் கைப்பழக்கம் பெரிய வித்தியாசம் செய்யும். நாலைந்து மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதற்காகவும்தான்.

சிடி: நேரம் பார்த்து எடுக்கிற படம்

முழு வரைபடம் வேண்டுமென்றால் சிடி. அதிலும் கான்ட்ராஸ்ட் போட்டு. கையில் ஒரு சிரையில் அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள், அது இதயத்துக்குப் போய், தமனிகளில் இறங்கி, குடலையும் மண்ணீரலையும் சுற்றி, பிறகு போர்ட்டல் வெயினுக்கு வரும். ஒரு பயணம்போல. கிட்டத்தட்ட 35-ஆவது நொடியில் எடுத்தால் தமனிகள் பளிச்சென்று இருக்கும், போர்ட்டல் பக்கம் அப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருக்கும். 60, 70 நொடிகளில் எடுத்தால் போர்ட்டல் வெயினும் அதன் மாற்றுப்பாதைகளும் வெள்ளையாக ஒளிரும். சில நிமிடங்கள் கழித்து இன்னொரு படம், அது பெரும்பாலும் கல்லீரல் கட்டிகளைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பார்க்க. "ஏன் ஒரே வயிற்றை மூன்று தடவை எடுக்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நேரம் தப்பினால் படமும் பொய் சொல்லும். தமனி நேரத்தில் எடுத்த படத்தில் போர்ட்டல் வெயினுக்குள், மருந்து கலந்த ரத்தமும் கலக்காத ரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, நடுவில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். ரத்தக்கட்டி என்று நினைக்கத் தோன்றும். அடுத்த கட்டப் படத்தில் அது மறைந்துவிட்டால் வெறும் கலவைக் குறைபாடு, மறையாவிட்டால்தான் கட்டி.

கான்ட்ராஸ்டே போடாமல் எடுத்தால் இன்னொரு வம்பு. மருந்து ஏறாத வேரிசஸ் உருண்டை உருண்டையாக, சாம்பல் நிறத்தில், நெறிகட்டியது போலவோ புற்றுநோய்க் கட்டி போலவோ தெரியும். உணவுக்குழாய்க்கு வெளிப்பக்கம் வளர்கிறவை மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் ஒரு கட்டி போலவே நிழல் தரும். இரைப்பைக் கூரையில் வீங்கிய சிரை எண்டோஸ்கோப்பியிலும் ஒரு சதைக்கட்டி போலத் தோன்றலாம், அதைச் சிரை என்று உணராமல் சதை எடுத்துப் பரிசோதிக்கப் போனால் விபரீதம்தான். சந்தேகம் இருக்கிற இடத்தில் முதலில் டாப்ளர் அல்லது கான்ட்ராஸ்ட் படம் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஊசி என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஜாக்கிரதை.

சிடியின் இன்னொரு வசதி, எடுத்து முடித்த பிறகு கம்ப்யூட்டரில் எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம், குழாய்களை மட்டும் பிரித்து முப்பரிமாணமாகச் சுழற்றலாம். குறுக்குவெட்டில் அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளி என்று தெரிந்தவை, நெடுக்குவெட்டில் ஒரே சிரையின் நெளிவுகள் என்று புரியும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, இந்த மருந்துக்கு முன்பு அலர்ஜி வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

எம்ஆர்ஐ கதிர்வீச்சு இல்லாமல் கிட்டத்தட்ட இதே வரைபடத்தைத் தரும், கல்லீரலுக்குள் இருக்கும் சந்தேகக் கட்டிகளைப் பிரித்தறிவதிலும் கெட்டி. வேகமாக ஓடும் ரத்தம் சில வகைப் படங்களில் கறுப்புத் துளையாகத் தெரியும், அதை வைத்தே சிரைகளை அடையாளம் காணலாம். ஆனால் நேரம் அதிகம், அசையாமல் மூச்சுப் பிடிக்க வேண்டும், வயிற்றில் நிறைய நீர் இருப்பவர்களுக்குப் படம் கெடும்.

அப்படியானால் எண்டோஸ்கோப்பி எதற்கு?

இத்தனை ஸ்கேன் எடுத்த பிறகும் வாய் வழியாகக் குழாய் விடச் சொல்கிறார்களே என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. சிடி சுவருக்கு வெளியே, பின்னால், மொத்தப் பாதையும் எங்கே போகிறது என்று காட்டும். எண்டோஸ்கோப்பி உள்சவ்வின் மேற்பரப்பைக் காட்டும். வீங்கிய சிரையின் மேல் சிவப்புக் கோடுகளோ புள்ளிகளோ இருந்தால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது, கசியத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சிவப்பு அடையாளம் எந்த ஸ்கேனிலும் வராது. போதாததற்கு, பார்த்த கையோடு அந்தச் சிரைக்கு ரப்பர் வளையம் மாட்டி வைத்தியமும் செய்துவிடலாம், ஸ்கேன் மெஷினால் அது முடியாது.

இரைப்பைச் சிரைகளை எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கும் முறையை இந்தியக் கல்லீரல் மருத்துவர் ஷிவ் குமார் சரின் 1992-ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க ரிப்போர்ட்டுகளில் அவர் பெயரிலேயே அந்த வகைப்பாடு வருகிறது. உணவுக்குழாயோடு தொடர்ந்து வருபவற்றை வளையத்தால் கட்டலாம், கூரையில் தனியாக நிற்பவற்றுக்குப் பசை ஊசி அல்லது வேறு வழி. இந்த வேறு வழிக்குத்தான் மறுபடி சிடி தேவைப்படும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி வேண்டியதில்லை என்ற நிலையும் இப்போது வந்திருக்கிறது. கல்லீரலை மெல்லத் தட்டி, அந்த அதிர்வு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராஃபி என்று ஒன்று இருக்கிறது, ஃபைப்ரோஸ்கேன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். இறுகிய பொருளில் அதிர்வு வேகமாக ஓடும், அளவு கிலோபாஸ்கலில் வரும். பெவெனோ என்ற பெயரில் கூடும் நிபுணர் குழு 2015-ல் ஒரு வழிகாட்டல் தந்தது: இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலே என்றால், சிரோசிஸ் சிக்கலில்லாமல் நிலையாக இருக்கும் கட்டத்தில், சிரை இருக்கிறதா என்று தேடும் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம். சிகிச்சை தரும் டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அழுத்தத்தையே அளப்பது

அளக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் ஸ்கேனால் அல்ல, ஒரு மெல்லிய குழாயால். கழுத்துச் சிரையில் நுழைத்து, இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைக்குள் கொண்டுபோய், நுனியில் உள்ள சின்ன பலூனை ஊதி வழியை அடைப்பார்கள். அடைத்ததும் நுனிக்கு முன்னால் ரத்தம் நின்றுவிடும், அந்த நின்ற ரத்தம் கல்லீரலின் சந்துகளில் உள்ள அழுத்தத்தை அப்படியே கடத்தும். பலூனைத் தளர்த்தி ஒருமுறை அளந்து, இரண்டையும் கழித்தால் வருவதுதான் நான் மேலே சொன்ன 5, 10, 12 எல்லாம். 1951-ல் மையர்ஸ், டெய்லர் என்ற இருவர் இந்த வழியின் ஆரம்ப வடிவத்தை எழுதினார்கள். அதே 1951-ல் இத்தாலியில் அபேயாட்டிச்சியும் காம்பியும் மண்ணீரலிலேயே நேராக ஊசி குத்தி மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் போர்ட்டல் வெயினைப் பார்த்தார்கள். ரத்தக் கசிவு அபாயத்தோடு அன்று செய்த அந்த வேலையை இன்று கையில் ஒரு ஊசியோடு சிடி முடித்துவிடுகிறது.

பலூன் அளவுக்கும் ஒரு ஓட்டை உண்டு. அடைப்பு கல்லீரலுக்கு முன்னால், போர்ட்டல் வெயினிலேயே இருந்தால், பலூன் இருக்கும் பக்கத்திலிருந்து அது தெரியாது, அளவு சரியாகவே வரும். உணவுக்குழாயில் பெரிய பெரிய சிரைகள், அளவோ இயல்பு என்றால் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

வைத்தியத்துக்கு வழிகாட்டும் படம்

வளையம் போட்டும், மருந்து கொடுத்தும் கசிவு நிற்காதவர்களுக்கு, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் கிளைக்கும் வெளியேறும் சிரைக்கும் இடையே ஒரு செயற்கைச் சுரங்கம் போட்டு ஸ்டென்ட் வைக்கலாம், டிப்ஸ் என்பது இதுதான். யோசெஃப் ரோஷ் 1969-ல் விலங்குகளில் செய்து காட்டினார், உலோக ஸ்டென்ட் வைத்து மனிதருக்குச் செய்தது 1988-ல் ஜெர்மனியில். சுரங்கம் எந்தக் கோணத்தில், வழியில் கட்டி ஏதும் இருக்கிறதா, போர்ட்டல் வெயின் திறந்திருக்கிறதா என்றெல்லாம் முன்கூட்டியே சிடியில் பார்க்காமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

இரைப்பைக் கூரையில் தனியாக நிற்கும் சிரைகளுக்கு ஜப்பானில் இருந்து வந்த ஒரு யுக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோய் தானாக உண்டாக்கிய அந்தச் சிறுநீரகப் பாதையையே எதிர்த் திசையில் ஏறி, வாயை பலூனால் அடைத்து, பின்பக்கமிருந்து சிரைகளுக்குள் மருந்து நிரப்பி உறைய வைத்துவிடுவார்கள். பிஆர்டிஓ என்று பெயர், 1996-ல் கனகாவா குழுவினர் எழுதினார்கள். அப்படி ஒரு பாதை இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்பதைச் சிடி சொல்லாமல் இது சாத்தியமில்லை. ஆனால் ஒரு வடிகாலை மூடினால் அழுத்தம் வேறு பக்கம் ஏறும், இரைப்பை சரியாகி உணவுக்குழாய்ச் சிரைகள் வீங்கலாம், அதனால் அதற்குப் பிறகும் எண்டோஸ்கோப்பி தொடரும்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அது நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம். மற்றபடி சிரோசிஸ் இருப்பவர்களுக்கு, கல்லீரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் சொல்வார்கள். அதற்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை மட்டுமல்ல, படங்கள் இருக்கும் சிடித் தட்டையோ பென் டிரைவையோ கூடக் கொண்டுபோங்கள். போன தடவை திறந்திருந்த போர்ட்டல் வெயினில் இந்தத் தடவை ஓட்டம் இல்லையென்றால், அது புதிய ரத்தக்கட்டியா பழையதா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும், அந்த ஒப்பீட்டைப் பழைய படம் இல்லாமல் செய்ய முடியாது.